ஓடும் புள்ளி

பல வாரம் ஏமாற்றிய பனி, பிப்ரவரியின் நீண்ட வார விடுமுறைக்குச் சரியாகக் கொட்டியது. காலையில் அவசர உதவி எண்ணின் கட்டுப்பாட்டறைக்குள் நுழையும்போதே, பொறுப்பாளர் வெண்டல் காபிக் கோப்பையோடு ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். பனிச்சறுக்கு மலைக்குப் போகும் சாலையில் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"டென்வர் நகரமே கிளம்பி வந்துருச்சு. இன்னிக்கு மெஷினம்மா நம்மள சும்மா விடமாட்டா," என்றார்.

மெஷினம்மா என்று நாங்கள் சொல்வது ஒரு குரலை. சறுக்கும்போது யாராவது விழுந்தால், சட்டைப்பையில் இருக்கும் போனோ கையிலுள்ள கடிகாரமோ அந்த அதிர்வைக் கண்டுகொள்கிறது. கொஞ்ச நேரம் மணியடித்துப் பார்க்கும். அவர் அதை அணைக்காவிட்டால் தானாகவே எங்களை அழைத்து, இந்த போனின் சொந்தக்காரர் பலத்த விபத்தில் சிக்கியிருக்கிறார், பதில் சொல்லவில்லை என்று ஒரு பெண்குரலில் திரும்பத் திரும்பச் சொல்லும். பெரும்பாலும் அந்தச் சொந்தக்காரர் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, பாதி மலை இறங்கியிருப்பார். தடித்த கையுறை, தலைக்கவசம், காதில் பாட்டு. தன் போன் எங்களோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

இதற்கென்று எங்கள் அறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. திருப்பிக் கூப்பிடுவோம். எடுக்காவிட்டால் வரைபடத்தில் அந்த போனின் புள்ளியைப் பார்ப்போம். புள்ளி நகர்ந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று முடித்துவிடுவோம். "ஓடுதுன்னா உயிர் இருக்கு" என்பது வெண்டலின் வாக்கு. சட்டமாக எங்கும் எழுதியதில்லை. மலையில் மீட்புக்குழுவை நடத்தும் ஹாங்க் போன வருடம் கத்திய கத்தலில் பிறந்தது அது. "விழுந்தவன்னு சொல்லி நீங்க அனுப்புற இடத்துல அவன் உக்காந்து கோகோ குடிச்சிட்டிருக்கான். நெஜமாவே கால் உடைஞ்சவ அந்தப் பக்கம் கெடந்து அழுறா. என்கிட்ட எத்தன ஆளு இருக்குன்னு நெனைக்கிறீங்க?" அவர் சொன்னதிலும் தப்பில்லை.

என் பக்கத்து மேசை லோரெட்டா ஆர்ச்சுலெட்டாவுடையது. அன்று காலை அவள்தான் அதிகமாகச் சிரிக்க வைத்தாள்.

"ஐயா, உங்களுக்கு அடி ஏதாவது பட்டிருக்கா? ... இல்லையா? மானம் மட்டும் போச்சா? அதுக்கு ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாதுங்க. வச்சிருங்க."

"லோரெட்டா, இதெல்லாம் பதிவாகுது," என்றார் வெண்டல்.

"ஆகட்டும். என் சவ அடக்கத்துல போட்டுக் காட்டுங்க."

மதியத்துக்கு முன் வந்த ஓர் அழைப்பையும் அவள் அப்படித்தான் எடுத்தாள். மெஷினம்மா தன் பாட்டைச் சொல்லி முடித்ததும் இணைப்பு திறந்தே இருந்தது. லோரெட்டா இரண்டு முறை குரல் கொடுத்தாள். பதில் இல்லை. காதுக்கருவியைக் கொஞ்சம் தள்ளி எனக்கும் கேட்கவிட்டாள். துணி உரசும் சத்தம், பனியைச் சீவிக்கொண்டு போகும் சறுக்குக்கட்டையின் சத்தம், நடுவே ஒரு பெண் ஏதோ ராகத்தை முனகிக்கொண்டு போவது.

"பார்றா, செத்துப்போனவ பாடிட்டே போறா," என்றாள் லோரெட்டா.

இணைப்பு அறுந்தது. திருப்பிக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. புள்ளி மரங்களின் ஓரத்திலிருந்து கிளம்பி, நல்ல வேகத்தில், வளைந்து வளைந்து அடிவாரம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த மணி. லோரெட்டா முடித்துவிட்டு அதை எடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு ஒரு பெண் அழைத்தாள்; லோரெட்டா எடுத்தாள், நானும் இணைந்து கேட்டேன். இது மனிதக்குரல். பெயர் மெரிடித். மலை நடுவிலுள்ள உணவகத்திலிருந்து பேசினாள். சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிப்போன அண்ணன், காலின் என்று பெயர், இன்னும் வரவில்லை.

"அவன் நம்பருக்கு அடிச்சா லிஃப்ட்காரப் பையன் எடுக்கிறாங்க. ஒரு அம்மா கீழ கெடந்துச்சுன்னு குடுத்துட்டுப் போனாங்களாம், தொலஞ்ச சாமான் பெட்டியில இருக்காம். இங்க இருக்கிறவங்க, போன் இல்லாம எங்கியாவது பீர் குடிச்சிட்டிருப்பார், வருவார்னு சொல்றாங்க. அவன் குடிக்கவே மாட்டான்."

"நம்பர் சொல்லுங்க," என்றாள் லோரெட்டா.

எண்ணைத் தட்டினாள். திரையில் காலை அழைப்பு வந்து நின்றது. லோரெட்டாவின் கை விசைப்பலகை மேல் அப்படியே இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் அவளைப் பார்க்கத் துணிவில்லை.

எங்கள் மலையில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் நாற்காலிக் கம்பிக்குக் கீழே போன் கிடந்தால் யாரும் திகைக்கமாட்டார்கள். மேலே போகிறவர்கள் கையுறையைக் கழற்றிப் படம் எடுப்பார்கள், கைநழுவி விடுவார்கள். கீழே சறுக்கி வருகிறவர்கள் பொறுக்கி, அடிவாரத்து லிஃப்ட்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது இங்கே நல்ல பழக்கம். அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருந்தாள். பாடிக்கொண்டே போனவள் அவள். ஓடியது, விழுந்தபோது அவன் பையிலிருந்து தெறித்த போன். அதன் சொந்தக்காரன் புள்ளி கிளம்பிய இடத்திலேயே இருந்தான்.

லோரெட்டா மெரிடித்திடம், "லைன்லயே இருங்க, வைக்காதீங்க," என்றாள். அடுத்த இணைப்பில் ஹாங்க்கைப் பிடித்தாள்.

"ஹாங்க், எட்டாம் லிஃப்ட் கம்பிக்குக் கீழ, கெழக்க மர ஓரம். சரியான எடம் அனுப்பிட்டேன். ஆள் உள்ள விழுந்திருக்கான்."

"போன் தானாக் கூப்பிட்ட கேஸா? மறுபடியும் புள்ளியப் பாத்துட்டு..."

"ஓடினது அவன் இல்ல, ஹாங்க். போன் மட்டும்தான். காலைல இருந்து அவன் அங்கதான் இருக்கான். மரத்தடியத் தோண்டு."

ஹாங்க் ஆட்களோடு கிளம்பினார். புதுப்பனி விழுந்தால் ஊசியிலை மரங்களின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குள், பனி இறுகாமல் பொக்கையாகவே இருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவன் அசைய அசைய மேலிருக்கும் பனி சரிந்து அவனை மூடும். அங்கே மூச்சுக்கு அதிக நேரம் கிடையாது. அது எங்களுக்குத் தெரியும், ஹாங்க்குக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

லோரெட்டா மெரிடித்திடம் திரும்பினாள். அந்த அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டிருக்கலாம். நான் கை நீட்டினேன். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"ஆள் அனுப்பியாச்சா?" என்றாள் மெரிடித்.

"போயிட்டே இருக்காங்க. உங்களோட யாராவது இருக்காங்களா அங்க?"

"நான் மட்டும்தான். முட்டி வலின்னு இங்க உக்காந்துட்டேன். தனியாப் போகாதன்னு சொன்னேன். அவன் போனை எடுத்துக் காட்டுறான். 'நான் விழுந்தா இது ஊரையே கூப்பிடும், நீ நிம்மதியா தின்னு'ங்கறான். அதனாலதான் விட்டேன். இல்லேன்னா விட்டிருக்கவே மாட்டேன்."



லோரெட்டாவின் மற்றக் காதில் ஹாங்க்கின் ஆட்கள் பேசுவது வந்துகொண்டிருந்தது. நானும் கேட்டேன். ஒரு சறுக்குக்கட்டையின் நுனி தெரிகிறது என்றார்கள். தோண்டும் சத்தம். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு ஹாங்க் தன் வழக்கமான குரலை விட்டு, சன்னமாக, "அவசரம் இல்ல லோரெட்டா. தங்கச்சிகிட்ட நாங்களே நேர்ல போய்ச் சொல்றோம். ரெண்டு பேர அனுப்புறேன்," என்றார்.

மரணத்தை போனில் சொல்வதில்லை என்பது எங்கள் விதி. லோரெட்டா அதை மீறவில்லை. ஆனால் மெரிடித் வேறொன்றைக் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது கூப்பிட்டுச்சா? அவன் போன்?"

வெண்டல் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். லோரெட்டாவின் தோளில் மெல்லத் தட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். நாளைக்கு வக்கீல்கள் வருவார்கள், பதிவைக் கேட்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. அறையிலிருக்கிற எல்லோரையும் காப்பாற்றத்தான் பார்த்தார்.

லோரெட்டா அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"கூப்பிட்டுச்சும்மா. நான்தான் எடுத்தேன்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன். போன் எறங்கிப் போறதப் பாத்தேன். அவர்தான் எறங்கிப் போறார்னு நெனச்சு விட்டுட்டேன்."

 மெரிடித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் லோரெட்டாவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"யாரோ வர்றாங்க," என்றாள் மெரிடித். "சிவப்புக் கோட்டு. ரெண்டு பேர். தொப்பியக் கழட்டுறாங்க." பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல, "நான் வச்சிறட்டுமா?" என்றாள்.

"வைக்க வேணாம். அவங்க பேசட்டும். நான் இங்கயே இருக்கேன்."

நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. போனை மேசைமேல் வைத்திருக்க வேண்டும். ஓர் ஆணின் குரல் தூரத்திலிருந்து அவள் முழுப்பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டது. எங்கள் அறையில் மற்ற மணிகள் அடித்தன. வெண்டல் தானே ஒரு மேசையில் உட்கார்ந்து எடுக்கத் தொடங்கினார். லோரெட்டா காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அங்கே நடந்ததைக் கடைசிவரை கேட்டாள்.