பின் வலது மூலை

மேற்கதவைத் தார் பூசி அடைத்துவிடுவது என்று மாமி செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தார்.

கார் உலகப் போருக்கு முந்திய ஒஸ்டின். அம்பாறைப் பக்கம் அணை வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது மாமா அதை வாங்கினார். கூரையின் முன்பாதியில் ஒரு தட்டு உண்டு. கைப்பிடியைத் திருகிப் பின்னால் தள்ளினால் திறக்கும். இங்கிலாந்தில் வெயில் காய்வதற்காக வைத்தது. கல்முனையில் அதற்கு ஒரு தேவையும் இல்லை. வீட்டில் அதை மேற்கதவு என்றார்கள்.

மாமா மௌத்தாகி மூன்று வருடம். வீடு மூத்த மகள் பரீனாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. கார் மாமியுடையது. நான் பரீனாவின் கணவன், காரை ஓட்டுகிறவன். ஓகஸ்டில் பரீனா மௌத்தானாள். பன்னிரண்டு நாள் காய்ச்சல். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலும் முடிந்துவிட்டது. கணவன் போனால் பெண்ணுக்கு நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கிற இத்தா உண்டு. மனைவி போனால் ஆணுக்கு ஒன்றும் இல்லை. நான் நாலாம் நாள் பள்ளிக்கூடம் போய் விஞ்ஞானப் பாடத்தில் அமுக்கம் பற்றிப் படிப்பித்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய்க் குடியிருப்பது. பெண் இல்லாவிட்டால் அவன் அங்கே யார் என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. மாமி என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்லமாட்டார். மூன்று நேரமும் சாப்பாடு வந்தது.

மழை தொடங்கியதும் கார் ஒழுகியது. ஞாயிற்றுக்கிழமை மாமியையும் அவருடைய இளைய மகள் றஹீமாவையும் சாய்ந்தமருதுக்குக் கூட்டிப் போனேன். சந்தியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிறேக் போட்டு, மாடு போனதும் காரை வெடுக்கென்று எடுத்தேன். கூரைக்குள் எங்கோ நின்ற தண்ணீர் முழுவதும் ஒரே தடவையில் மாமியின் தலையில் கொட்டியது.

“வலைக்குப் போனவனும் இப்பிடி நனஞ்சி வரமாட்டான்” என்றார் மாமி, முக்காட்டைப் பிழிந்துகொண்டு.

மாமி என்னிடம் நேரே பேசுவது குறைவு. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று றஹீமாவுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.

“புள்ள, மச்சானுக்குச் செல்லு. வியாழக்கிழம மட்டக்களப்புக்கு கண்ணு வெட்டப் போகணும். ஈரத்தில குந்திப் போய் காய்ச்சல் வந்தா டொக்டர் திருப்பி அனுப்பிடுவாரு. மறுகா தையிலதான் வருவாராம். அதுக்குள்ள மத்தக் கண்ணும் போயிடும். அழகரெத்தினத்த வரச் செல்லி ஆள் விட்டிரிக்கன். நாளைக்கி அந்தக் கதவ தாரப் பூசி அடைக்கட்டும்.”

றஹீமா எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

“அடைக்காம ஒழுக்க நிப்பாட்ட ஏலும்” என்றேன்.

“ரெண்டு மாரியா அதத்தான் செல்றாரு” என்றார் மாமி, றஹீமாவிடம்.

உண்மை. இரண்டு மாரிமழைக்கும் தட்டின் விளிம்பைச் சுற்றிப் புட்டிப் பசை வைத்தேன். ஒழுக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

அடைக்கக்கூடாது என்பதற்குச் சொல்லக்கூடிய காரணம் என்னிடம் இல்லை.

பெண்கள் பயணம் போனால் பின் யன்னல்களுக்குத் திரை வேண்டும். கலியாணம் முடிந்த கிழமையே நான் கம்பி பூட்டினேன். மருதமுனைத் துணியில் பரீனா திரை தைத்தாள். பின்னால் இருப்பவளுக்கு வீதி தெரியாது, கடை தெரியாது, ஆள் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போகும்போதும் அவள் பின்னால்தான். ஊர் தாண்டியதும் மேற்கதவைத் திறக்கச் சொல்வாள். ஆசனத்தில் நன்றாகச் சரிந்து தலையைப் பின்னால் சாய்த்தால், என் தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் தெரியுமாம். அதை வைத்து ஊர் சொல்வாள்.

“இப்ப எவடம்?” என்று நான் கேட்பேன்.

“தபால் கம்பி மத்தப் பக்கம் மாறிட்டு. காரைதீவு.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பேன்.

“மரம் ஒண்டுமில்ல. கொக்குத்தான் போகுது. வயல்வெளி. இனி நிந்தவூர் வரும் பாருங்க, தென்ன ஒண்டோட ஒண்டு முட்டும்.”

ஆறில் ஐந்து சரியாக இருக்கும். நான் வீதியைப் பார்த்து ஓட்டுவேன். அவள் பார்த்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதை மாமியிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை லீவு எடுத்தேன். கொட்டிலுக்குள் காரை விட்டு, மேற்கதவை முழுவதும் திறந்து, ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தேன். புட்டியைச் சுரண்டி எடுத்தேன். அதன் கீழே, தட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு தகரப் பீலி வாய்க்கால்போல ஓடியது. நாலு மூலையிலும் ஒவ்வொரு துளை. துளைக்குக் கீழே இறப்பர்க் குழாய். குழாய் கதவுத் தூணுக்குள்ளால் இறங்கிச் சில்லுக்குப் பக்கத்தில் தரைக்கு வரவேண்டும்.

அப்போதுதான் விளங்கியது. அந்தத் தட்டு தண்ணீரைத் தடுக்கச் செய்ததே அல்ல. தண்ணீர் உள்ளே வரும், பீலியில் விழும், குழாயால் போகும். நான் இரண்டு வருடம் வாசலை அடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து முன் இடது மூலையில் ஊற்றினேன். சில்லுக்குப் பக்கத்தில் மணலில் விழுந்தது. முன் வலது மூலையும் சரி. பின் இடது மெதுவாகச் சொட்டியது. பின் வலது மூலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது.

சைக்கிள் பிறேக் கம்பி ஒன்றை அந்தத் துளைக்குள் விட்டேன். ஒரு சாணும் நாலு விரலும் போய் நின்றது. குத்தினேன். இரும்பில் இரும்பு படுகிற சத்தம்.

அந்த நேரம் அழகரெத்தினம் வந்து சேர்ந்தான். பாண்டிருப்பு ஆள். கல்முனைச் சந்தியில் அவனுடைய கராஜ். சைக்கிள் கைப்பிடியில் தார் டின் தொங்கியது.

“என்ன மாஸ்டர், பள்ளிக்கூடம் போகல்லியா? இண்டைக்குக் காருக்கா பாடம்?”

“கொஞ்சம் பொறுங்க அழகரெத்தினம். அசர் வாங்கு சொல்லும் மட்டும்.”

“எனக்கென்ன, பொறுப்பன். ஆனா தார் காய ஒரு ராவு வேணும். அசருக்குப் பிந்தினா நாளைக்கு மாமி சீலை முழுக்கத் தாரோடதான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. கண்ண வெட்டுறதா, தாரக் கழுவுறதா எண்டு டொக்டர் யோசிப்பாரு.”

வீட்டுக்குள்ளிருந்து மாமியின் இருமல் கேட்டது. அழகரெத்தினம் நாக்கைக் கடித்துக்கொண்டு காரின் படியில் குந்தினான். வெற்றிலை போட்டான்.

கம்பியை வெளியே எடுத்தேன். உள்ளே போன அளவுக்கு நகத்தால் பிடித்து, தூணின் உட்பக்கமாக மேலிருந்து கீழே வைத்துப் பார்த்தேன். கம்பியின் நுனி போய் நின்ற இடத்தில் ஒரு திருகாணியின் தலை. திரைக் கம்பியின் பின்முனையைப் பிடித்திருக்கிற ஆணி.

அழகரெத்தினமும் எட்டிப் பார்த்தான். திருப்புளியை எடுத்து, ஆணியைச் சுழற்றத் தொடங்கினான்.

“வருகுது” என்றான். “இன்னும் வருகுது. கடவுளே, முடியிதில்லியே. இது காருக்குப் பூட்டின ஆணியா, தோணிக்குப் பூட்டின ஆணியா? எந்த விசரன் பூட்டினது?”

“நான்தான்.”

அவன் ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டு அங்குலத்துக்குக் குறையாது.

“நல்ல இறுக்கமாத்தான் பூட்டியிரிக்கீங்க” என்றான்.

முதலில் பூட்டியது சின்ன ஆணி. கல்லாற்றுப் பாலத்தில் கார் குலுங்கக் கழன்று விழுந்தது. பரீனா திரையின் முனையைக் கையால் பிடித்துக்கொண்டு மட்டக்களப்பு வரை சிரித்தபடி வந்தாள். அடுத்த நாள் நான் கடையில் இருந்ததிலேயே நீளமான ஆணியை வாங்கினேன். தூணுக்குள்ளே குழாய் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆணி குழாயைக் குறுக்கே குத்திக்கொண்டு நின்றது. வந்ததெல்லாம் அதில் தங்கியது.

ஆணி நின்ற துளையால் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. கம்பியை மறுபடி விட்டுக் குத்தினேன். போனது. கீழே மணலில் சேறு விழுந்தது. தென்னம்பூ, இலை நரம்பு, ஒரு வண்டின் சிறகு, சின்ன இறகு ஒன்று, மீதி எல்லாம் புழுதி.

அழகரெத்தினம் அதைக் காலால் கிளறினான்.

“மூடின கதவால இவ்வளவு குப்பை வராது மாஸ்டர். எந்த நேரமும் திறந்து போட்டுத்தான் ஓடினீங்களா?”

“ஓம்.”

“மாமி இருக்கக்குள்ளயுமா?”

“இல்ல.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு போய்த் தன் பையிலிருந்து ஒரு துண்டு சைக்கிள் டியூப்பை எடுத்துக் கத்தரிக்கத் தொடங்கினான். தூணின் உள் அட்டையைக் கழற்றி, குழாயில் ஓட்டை விழுந்த இடத்தில் டியூப்பைச் சுற்றி, செம்புக் கம்பியால் இரண்டு பக்கமும் இறுக்கினோம். நான் சிரட்டையால் ஊற்றினேன். அவன் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான்.

“வருகுது” என்றான். “ஊத்துங்க. குழாயடி மாதிரி வருகுது.”

நாலு சிரட்டை ஊற்றினேன். பீலியில் ஒரு சொட்டும் நிற்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு மாமி வந்து கதவுக்குப் பின்னால் நின்றார்.

“புள்ள, கதவு அடைச்சாச்சா எண்டு கேளு.”

“அடைக்கத் தேவையில்ல” என்றேன். “ஒழுக்கு நிண்டுட்டு.”

“அந்த ஆணிதான் குழாய அடைச்சது” என்றான் அழகரெத்தினம். “இனி அந்த இடத்தில ஆணி பூட்ட ஏலாது. முன்னுக்குத் தள்ளிப் பலகையில பூட்டலாம். ஆனா திரை மூலை வரைக்கும் வராது. நாலு விரல் இடவெளி விழும்.”

மாமி திரையில்லாமல் சந்தி வரைக்கும் போகாதவர். நாலு விரல் இடைவெளி என்றால் திரை இல்லாதது போலத்தான். மூலையில் பழையபடி ஆணியைப் பூட்டி மேலே தார் பூசு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் அவருடையது. நான் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கதவு கொஞ்சம் திறந்தது.

“நாலு விரல்தானே மருமகன்” என்றார் மாமி. நேரே என்னிடம். “எனக்கே ஒண்டும் தெரியிதில்ல. மத்தவனுக்கு என்ன தெரியப் போகுது.”

அழகரெத்தினம் தார் டின்னைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை விடியவே மழை. மாமி காருக்குள் காலை வைப்பதற்கு முன் பின் ஆசனத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஏறினார். றஹீமா வலப்பக்கம் இருந்து நாலு விரல் இடைவெளியைத் தன் முக்காட்டு முனையால் மறைத்துக்கொண்டாள். பெரியநீலாவணை தாண்டும்போது மழை கூரையில் அடித்தது. பின் வலது சில்லுப் பக்கம் தண்ணீர் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்டதோ தெரியாது.

களுவாஞ்சிக்குடியில் மாமி, “காஞ்சிதான் இரிக்கி” என்றார்.

ஆஸ்பத்திரியில் அவரை வார்டில் எடுத்தார்கள். ஏழு நாள் இருக்க வேண்டும் என்றார்கள். றஹீமா கூட நின்றாள். நான் பாயையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

காத்தான்குடிக்குப் பிறகு மழை விட்டது. களுவாஞ்சிக்குடியில் வெயில் எறித்தது. கைப்பிடியைத் திருகி மேற்கதவைத் திறந்தேன். காற்று வந்தது. தலையில் வெயில் பட்டது. வீதியைப் பார்த்து ஓட்டினேன். ஓட்டுகிறவனுக்கு அவ்வளவுதான்.

கல்லாறு தாண்டி ஓரிடத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். வீதியில் ஒருவரும் இல்லை. இறங்கிப் பின்னால் ஏறினேன். வலப்பக்கம். இரண்டு திரைகளையும் இழுத்துவிட்டேன். நன்றாகச் சரிந்தேன். தலையைப் பின்னால் சாய்த்தேன்.

தெரிந்தது. ஒரு பாய் அளவு வானம். இடது மூலையில் ஒரு தென்னையின் பாதி. குறுக்கே தபால் கம்பி, இரண்டு.

ஒரு மேகம் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும் வரை பார்த்தேன். அந்தப் பாதித் தென்னை எங்கும் நிற்கும். கம்பியும் எங்கும் போகும். இது எந்த ஊர் என்று அதில் இல்லை. நான் நிறுத்திய இடம் எது என்று எனக்குத் தெரிந்தபடியால்தான் தெரிந்தது. கார் ஓட வேண்டும். மரம் நெருங்க வேண்டும், கம்பி பக்கம் மாற வேண்டும். அப்போதுதான் சொல்லலாம்.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். ஆசனம் காய்ந்திருந்தது.

“இப்ப எவடம்?” என்று ஒருவர் கேட்கவும் வேண்டும்.

முன்னால் ஸ்டியரிங் தெரிந்தது. அதைப் பிடிக்க ஆள் இல்லை.