மச்சான் காட்டிய வழி

அத்தானின் உடல் கிடைத்த பிறகும் ஒன்றரை நாள் கடலில் என்னைத் தேடினார்கள். நானோ தேடுகிறவர்களுக்குக் கரையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மச்சான் வழி சொல்றான். நீங்க முன்னாடி போங்க, நான் வந்துர்றேன்." முன்னால் போன படகுக்காரர் வயர்லெஸ்ஸில் கேட்ட அத்தானின் கடைசிப் பேச்சு இதுதான். அதனால் படகில் இரண்டு பேர் என்று நினைத்துவிட்டார்கள். யாரைத் தேடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை; தேநீர் ஊற்றுகிறவன்தான் அந்த மச்சான் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அத்தான் எப்போதும் தனியாகப் போகிறவர். மச்சான் என்பது சுக்கானுக்கு மேலே ஒட்டியிருந்த, உள்ளங்கை அகல ஜி.பி.எஸ். கருவி. செயற்கைக்கோளைக் கேட்டு, துறைமுக வாய்க்குள் நுழையும் வழியைத் திரையில் கோடு போட்டுக் காட்டும். வாங்கிக் கொடுத்தவன் நான் என்பதால் என் உறவுமுறையையே அதற்குப் பெயராக வைத்தார். "உன்ன மாதிரியேதான்டா, ஓயாம பேசுது. ஆனா இது சொல்றதுல உருப்படியா ஏதாவது இருக்கு."

அதற்கு முன் ஐஸ் பாக்டரி புகைக்கூண்டையும் விளக்குக் கம்பத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் வாய்க்குள் நுழைவார். "இன்னுமா புகைக்கூண்ட பாத்து ஓட்டுறீங்க? அதெல்லாம் பாக்காதீங்க, இத மட்டும் பாருங்க" என்று கேலி செய்தேன். படித்தவன் சொன்னால் கேட்கிற மனிதர், பாவம்.

செயற்கைக்கோள் அளவுகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தூண், அதன் தலையில் ஆன்டெனா. தூண் நகராது. ஆனால் கடலில் புயல் வந்தால், அது எழுப்பும் காற்றலைகள் மேலே மேலே ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மின்னூட்ட அடுக்கையே கலக்கிவிடும். அதைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறும். தூண் இடம் மாறியதாகக் கணக்கு சொல்லும். "சார், தூண் வாக்கிங் போயிருக்கு" என்று சிரித்துக்கொண்டே அந்த மணிநேரங்களைக் குப்பை என்று குறித்து நீக்குவேன். வரைபடம் அழகாக இருக்க வேண்டுமே. பதினோரு வருடமாகப் புயல்களை இப்படித்தான் பெருக்கித் தள்ளினேன். அத்தானிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. பொருளைப் புகழ்கிறவன் ஓட்டையையா காட்டுவான்?

அன்று புயல் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. இங்கே தூறல் மட்டும். பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது அந்த மாலையின் அளவுகளும் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. ஐந்து நாற்பதுக்கு, அத்தான் வாய்க்குள் நுழைந்த அதே நேரத்தில், தூண் பன்னிரண்டு மீட்டர் தெற்கே போயிருந்தது. தெற்கே தள்ளிப்போய்விட்டோம் என்று கருவி சொன்னால், ஓட்டுகிறவர் வடக்கே திருப்புவார். படகு உடைந்து கிடந்தது வடக்குப் பாறையில்.

அக்கா அதுவரை அழவில்லை. கோபமாக இருந்தாள். துறைமுகத்தில் ஆளுக்கொரு கதை: தூங்கிவிட்டார், குடித்திருந்தார். நான் போனபோது அவருடைய சட்டைகளை மடிக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா நுழைஞ்ச வாய். கண்ண மூடிட்டே வருவேன்னு பீத்திப்பாரு. மூடிட்டே வந்துட்டாரு போல."

சொல்லாமல் இருந்துவிடலாம். தூண் என்னைக் காட்டிக்கொடுக்காது. எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவு இவள்.

"அத்தான் சரியாத்தான் ஓட்டினாரு, அக்கா. நான் குடுத்ததுதான் தப்பா காட்டிருக்கு."

தூண் நகர்ந்த கணக்கையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அவள் கையில் ஒரு சட்டைக்கை தொங்கியது.

"புகைக்கூண்டு தெரிஞ்சிருக்குமா?"

"தூறல்தானே. தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுமா பாக்கல?"

"நான்தானே பாக்காதீங்கன்னேன்."

தொங்கிய சட்டையை மடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "பன்னெண்டு மீட்டர்னா எவ்வளவு தூரம்?"

"பதினாறு, பதினேழு எட்டு வச்சு நடக்கிற தூரம் இருக்கும்."

எழுந்தாள். சட்டையோடு வாசல்படி இறங்கி, உதடு அசைய எண்ணிக்கொண்டே தெருவில் நடந்தாள். எதிர்வீட்டைத் தாண்டவில்லை; அதற்குள் பதினேழு வந்து நின்றுவிட்டாள். திரும்பி, கதவருகே நின்ற என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வந்த சைக்கிள்காரர் இரண்டு முறை மணியடித்துவிட்டு, ஒதுங்கிப் போனார்.