தாங்கித் தண்ணீரில் கழுவிய கக்கூஸ்

ஒருகொடவத்தையில், கப்பல் கொள்கலன்களுக்கு நடுவே எங்கள் ஸ்டோர். புறக்கோட்டைச் சந்தையில் அழுகிய வாழைப்பழம் லொறியில் வரும். அரைத்துத் தாங்கியில் ஊற்றிக் கிருமிகளை விட்டால், அவை இனிப்பைத் தின்று லக்டிக் அமிலம் கக்கும். தயிரைப் புளிக்க வைக்கிற அதே சாமான். அதிலிருந்து பிளாஸ்டிக் போலவே கோப்பை செய்யலாமாம், மண்ணில் போட்டால் மக்கிவிடுமாம். அரைப்பதும் கழுவுவதும் என் வேலை. கிருமிகளுக்குப் பொறுப்பு வெள்ளவத்தையிலிருந்து வரும் லக்ஷ்மிப்பிரியா மிஸ்.

இரண்டு தடவை தாங்கி புளிக்கவில்லை என்று சாக்கடைக் கானில் ஊற்றினோம். மூன்றாவது தடவையும் புளிப்பு அளக்கும் மீற்றர் அசையவில்லை. முதலாளி இஸ்ஸதீன் வந்து நின்றார்.

"கிருமி மவுத்தாப் போச்சு மிஸ். ஊத்துங்க. நாளைக்கி இந்த எடத்த டயர் அடுக்கக் குடுக்கப் போறேன்."

மிஸ்ஸுக்குக் கண் கலங்கியது. டயருக்கு வாழைப்பழம் அரைக்கத் தேவையில்லை. எங்கள் ஆறு பேருக்கும் வேலை போகும்.

தாங்கி புளித்துத்தான் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் நான் கள்ளி. கக்கூஸ் கழுவ முதலாளி தந்த அசிட் போத்தல்களை என் ஜிந்துப்பிட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, தாங்கித் தண்ணீரைத்தான் இங்குள்ள கக்கூஸில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீரால் படிந்த வெள்ளைக் காறை நுரைத்துக்கொண்டு கழன்று வரும்.

"முதலாளி, தாங்கி புளிச்சிருச்சு."

"நீ குடிச்சிப் பாத்தியா?"

"கக்கூஸுல ஊத்திப் பாத்தேன்."

"பகவதி அக்கா, அது புது மீற்றர். பிழை சொல்லாது" என்றார் மிஸ்.

"புதுசுன்னா பொய் சொல்லாதா மிஸ்? எம் மருமகனும் கல்யாணத்தப்ப புதுசுதான்."

புளிப்பு ஏறும்போது அதைத் தணிக்க வாங்கிய சுண்ணாம்புக்கல் தூள், மீற்றர் கேட்காததால் மூட்டையாகவே கிடந்தது. பிரித்து, ஒரு வாளி தாங்கித் தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். கக்கூஸ் காறையைப் போலவே சீறிப் பொங்கி முதலாளியின் செருப்பை நனைத்தது.

"ஐயோ சேர், செத்தது மீற்றர்! கிருமியள் தங்கட புளிப்பு தங்களுக்கே தாங்காமல் மயங்கிக் கிடக்குதுகள். சுண்ணாம்பு போட்டால் எழும்பிடும்!" மிஸ் கிட்டத்தட்டக் குதித்தார்.

முதலாளி நுரையைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்ப நான் தந்த போத்தல்?"

"வீட்டுக் கக்கூஸு மின்னுது முதலாளி."

"கள்ளி!"

"ஆமாங்க. என்னய வேலய விட்டு நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க. சுண்ணாம்பக் கொட்டிட்டு நிப்பாட்டுங்க."

அவர் போனை எடுத்து, டயர்காரனை ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். பிறகு மூட்டைகளைக் காட்டினார்.

"ஒவ்வொண்டும் அம்பது கிலோ. உன்ன நிப்பாட்டினா யாரு தூக்குற? தூக்கு."

நான் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனைக்கு மிஸ்ஸே ஓடி வந்தார்.

"முழங்கால மடிச்சுத் தூக்குங்க மிஸ். படிச்ச இடுப்பு ஒடிஞ்சிரும்."