வாகிமான் வீட்டு மாடியறை

இந்தோனேசியாவின் மலாங் நகரத்துக்குப் படிக்க வந்த இரண்டாம் நாள் காலையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் வாகிமானின் கூடத்தில், டிவிக்கு மேலே தொங்கியது. சீருடையில் ஐந்து சிப்பாய்கள். நடுவில் இளம்வயது வாகிமான், தோளில் துப்பாக்கி. பின்னால் தெரிந்த வெள்ளை மாதாகோயில் எங்கள் ஊர்க் கோயில். எனக்கு ஞானஸ்நானம் நடந்த இடம்.

இந்தோனேசியா எங்கள் திமோரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அம்மாவின் அண்ணன் ஜசிந்துவை அந்தக் கோயில் வாசலில்தான் சிப்பாய்கள் பிடித்துப்போனார்கள். அவர் திரும்பவே இல்லை. அதெல்லாம் பழைய கதை என்று சொல்லித்தான் அப்பா என்னை விமானம் ஏற்றினார்.

"திமோர்ப் பொண்ணுதானே நீ? எந்த ஊரும்மா?" பின்னாலிருந்து வாகிமானின் குரல்.

"டிலி" என்றேன். தலைநகரின் பெயர்தான் வாயில் வந்தது.

"டிலியா? பேச்சு மலைக்காரங்க மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தார்.

மாடியறைக் கதவுக்குப் பின்னால் மேசையை நகர்த்தி வைத்தேன். அவர் மனைவி துமினி சோறும் மிளகாய்ச் சம்பலும் வைத்துவிட்டுப் போன தட்டைத் தொடவில்லை. படியில் காலடி கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தப்ப வழியில்லை. வெளிநாட்டு மாணவர்கள் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறந்த ஊரில் விரலை வைத்தார்.

"டிலின்னு சொன்னியே."

பாஸ்போர்ட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"உங்க வீட்ல... அப்போ யாராச்சும்...?"

"என் மாமா. ஜசிந்து."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிமிர்ந்தே பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை சுவரில் படம் இல்லை. "நேத்துலேருந்து மனுஷன் வாயே தொறக்கல. என்னடியம்மா சொன்னே?" என்று துமினி கேட்டார். ஒன்றும் தெரியாதவர் எதற்குப் படத்தைக் கழற்ற வேண்டும்? மூன்று வருடமாக இங்கே படிக்கும் எங்கள் ஊர் செலியாவுக்கு போன் செய்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரி நாள் பூரா கத்துவா. ஆனா துப்பாக்கி தூக்குனவ இல்ல. ஏறுடி."

பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டும்போது வாகிமான் கேட் அருகே வந்தார்.

"உங்க மாமாவ வண்டியில ஏத்துற வரைக்கும்தான் நான் இருந்தேன்மா" என்றார். "அதுக்கப்புறம் சத்தியமா எனக்குத் தெரியாது."

செலியா வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் அழவில்லை. "வண்டி எந்தப் பக்கம் போச்சாம்?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செலியாவை இழுத்துக்கொண்டு வாகிமான் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழையத் தைரியம் வரவில்லை. தெருவில் நின்றே கேட்டேன். வாகிமான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தெக்கால. கடற்கரைக்கு எறங்குற ரோடு."

அங்கேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாள். "அந்தப் பக்கம் எலும்பாச்சும் தேடலாம்ல" என்றாள்.