காலியாக இருந்த பள்ளம்

சைரன் ஊத ஆறு நிமிடம் இருந்தது. பந்தயத் தடத்தின் ஓரக் கொட்டகையில், கருவித் தட்டில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது.

ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் வடிவில் ரப்பரில் வெட்டிய பள்ளம். பன்னிரண்டு வருடம் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர் கையோடு கொண்டுவந்த பழக்கம் அது. அங்கே ஒரு பள்ளம் காலியென்றால் விமானம் கிளம்பாது. இங்கே கார் ஓட்டுவது அவர். மெக்கானிக், அவர் மனைவியின் தம்பி.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்க மாப்ளே?"

"எங்கயாவது கிடக்கும் மாமா. நீங்க வண்டிய எடுங்க."

"எங்கயாவதுன்னா எங்க?"

மச்சினன் காரைத் திரும்பிப் பார்த்தான். "காலைல சீட்டு போல்ட்டை முடுக்கினேன். அப்புறம் ஞாபகமில்ல."

மற்ற கார்கள் வரிசைக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. சைரன் ஊதுவதற்குள் அங்கே போய் நிற்காத கார் கடைசியில்தான் கிளம்ப வேண்டும். இன்று நான்காவதாக வந்தாலே சாம்பியன் பட்டம் அவருக்கு. இரண்டு வருடமாக மயிரிழையில் தவறிய பட்டம்.

சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"ஜாக்கி எடு. பின்பக்கம் தூக்கு."

"இது ஏரோப்ளேன் இல்ல மாமா! அக்கா வேற மேல உக்காந்து பாத்துட்டிருக்கு. என்னை உரிச்சிடும்."

"பிரேக் அடிச்சா எது முன்னாடி வருமோ, அது இப்ப வரும். தூக்கு."

பின்சக்கரங்கள் ஒரு முழம் எழுந்தன. உள்ளே ஏதோ சறுக்கிக்கொண்டு போய் 'டங்'கென்று நின்றது. பிரேக் மிதிக்கு நேர் கீழே.

சைரன் ஊதியது.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்து நீட்டி, "பள்ளத்துல வை" என்றார்.

இருபதாவதாகக் கிளம்பியவர், கடைசிச் சுற்றில் ஐந்தாவதாக இருந்தார். கடைசி வளைவு. முன்னால் போன சிவப்புக் கார் வளைவுக்கு நூறு மீட்டர் என்ற பலகையருகே பிரேக் அடித்தது. அவர் அடிக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பிறகுதான் காலை அழுத்தினார். மிதி எதிலும் தட்டவில்லை. கார் முனகிக்கொண்டு திரும்பியது. சிவப்பு பக்கவாட்டில் வந்து, பின்னால் போயிற்று.

கொட்டகைக்கு வந்து அவர் காரிலிருந்து இறங்கினார். மச்சினன் தட்டோடு ஓடிவந்தான்.

"ஸ்பேனர் இருபத்து மூணும் இருக்கு மாமா!"

"பந்தயத்துல எத்தனாவதுன்னு சொல்லுடா!"

"நாலு! நாலு மாமா!"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து, தட்டில் இருந்தவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.