விரல் நுழையும் அளவு

லாரியில் சரக்கு ஏற்றிக் கயிறு கட்டுவது என் தொழில். நான் கட்டினால் மூட்டை இம்மியும் அசையாது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் வம்பாகிவிட்டது.

என் மகள் வாண்டுக்குத் தூங்கும்போது தொண்டை அடைத்துக் குறட்டை வரும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டைச் சதையை எடுத்தும் தீரவில்லை. "தூங்குறப்பல்லாம் இந்த மெஷினை மாட்டணும். அதுல வர்ற காத்துதான் தொண்டையைத் திறந்து வைக்கும். விட்டுட்டா இதயத்துக்கே கெடுதல்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மூக்கில் வைக்கிற மாஸ்க்கின் ஓரமாகக் காற்று கசிந்தது. வாரை இழுத்தேன். இன்னும் கசிந்தது, இன்னும் இழுத்தேன். கன்னத்தில் தடம் விழுந்து, மாஸ்க்கைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிய ஆரம்பித்தாள். கத்தினேன், கெஞ்சினேன். ஊஹூம்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா வந்தாள். முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். குழந்தையின் கன்னத்தைப் பார்த்ததும் என்னை முறைத்தாள்.

"அடப்பாவி! இது பொண்ணுடா, சிமெண்ட் மூட்டையா?"

"கசியுதேக்கா."

"இறுக்குனா ஓரம் மடங்கும், இன்னும்தான் கசியும். நகரு."

கடைக்கு வந்து அழுகிற பிள்ளைக்கு அவள் எடுத்ததும் கத்தரியைக் காட்டமாட்டாள். சீப்பைக் கொடுத்து முதலில் தன் தலையை வாரிவிடச் சொல்வாள். இங்கேயும் அதே வித்தைதான். மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை வாண்டு கையில் கொடுத்தாள்.

"உங்கப்பன் மூக்குல வைடி."

காற்று குபுகுபுவென்று ஏறியதும் நான் பதறித் தட்டிவிட்டேன். மலைமலையாய் மூட்டை கட்டுகிறவன் நான்!

"பயந்தாங்கொள்ளி!" வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் தலையைத் தடவி, "மெதுவா மூச்சு விடுப்பா. நான் இருக்கேன்ல" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து பகலில் பொம்மைப் படம் பார்க்கையில் அவளே மாட்டிப் பழகினாள். வாரை அக்கா விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தியிருந்தாள். கசிவு நின்றுபோயிருந்தது. என் அக்காவைக் கையெடுத்துக் கும்பிடலாம். இழுக்கச் சொல்லி என் கை அரித்தது, ஆனால் நான் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாண்டு முதல்முறையாக அழாமல் மாஸ்க்கோடு தூங்கிவிட்டாள். குறட்டையே இல்லை. எனக்குப் பகீரென்றது. அந்தச் சத்தம் நின்றால் மூச்சு நின்றது என்றுதானே இத்தனை நாள் பழக்கம்! ஓடிப்போய் மார்பில் கை வைத்தேன். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எவ்வளவு நிம்மதியான தூக்கம்! பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

வாண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பயப்படாதப்பா. நான் இருக்கேன்ல."