கிடங்குச் சாலையில் மூன்றாவது விளக்குக் கம்பம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டியே உட்காருங்கள், இங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஓர் ஓட்டக் கதை வைத்திருக்கிறேன். அதில் ஓடினவளைவிட, அவள் ஓடுவதைப் பார்க்க இடம் தேடினவர்தான் அதிகம் களைத்துப்போனார். அந்தப் புண்ணியவான் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். இருபத்திரண்டு வருடமாகத் தெருத்தெருவாகப் போய், வாசலில் இருக்கிற இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதுகிற வேலை. எந்த வீட்டுப் பின்கதவு எந்தச் சந்தில் திறக்கும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருமுறை மூடாமல் கிடந்த மீட்டர் குழிக்குள் கால் போய்விட்டது. அன்றிலிருந்து வலது முட்டி அவர் பேச்சைக் கேட்பதில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்குப் போர்வைகள் மிஷினுக்குள் இருக்க வேண்டும். முதல் பஸ்ஸோ தன் இஷ்டத்துக்குத்தான் வரும். அதற்காகக் கால் கடுக்க நிற்பானேன் என்று நடந்து போனாள். நேரமானால் ஓடினாள். ஓட ஓட அது பிடித்துப்போய், போன வருடம் நகரத்தின் பெரிய மராத்தானுக்கே பெயர் கொடுத்துவிட்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

முடிக்கவில்லை. முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில், சரக்கு ரயில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளச் சாலை. நிழல் கிடையாது, கடை கிடையாது, ஈ காக்கை கிடையாது. அங்கே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவள் எழவில்லை. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற வேனில் திரும்பி வந்தாள். இவரோ முடிவுக்கோட்டில் முண்டியடித்து முன்வரிசை பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார். அன்று ஷூவைக் கழற்றும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ரோட்டுல தெரிஞ்ச முகமா ஒண்ணு இருந்திருந்தா எழுந்திரிச்சிருப்பேன்." குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் அவர் வாக்குக் கொடுத்தார். நான்கு இடங்களில் நிற்பேன், எல்லாம் சாலைக்கு இடப்பக்கம், நீ தேடவே வேண்டாம் என்றார். இரண்டு மாதம் மெனக்கெட்டு இடம் பார்த்தார். எட்டாவது கிலோமீட்டரில் முடிதிருத்தும் கடை முனை. சாலை வளைவதால் ஓடுகிறவர்கள் வேகம் குறைப்பார்கள், முகம் தெரியும். பத்தொன்பதில் பாலம் இறங்குகிற இடம். முப்பத்து மூன்றில் அந்தக் கிடங்குச் சாலை, மூன்றாவது விளக்குக் கம்பம். கடைசியாக முடிவுக்கோடு. பந்தயத்தன்று சாலையைக் குறுக்கே கடக்க விடமாட்டார்கள் என்று, கடக்காமலே போகிற சந்துகளை நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். மனைவியின் வேகத்தையும் அளந்தார். ஞாயிறுதோறும் அவள் ஓடுவாள், இவர் பக்கத்தில் சைக்கிள் மிதிப்பார். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். ஆறு வாரமும் அதே எட்டு நிமிடம். மீட்டரில் எண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், எழுதினார், சந்தேகப்படவில்லை.

துணைக்கு வந்தது மாமியார். மகள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று முந்தின நாளே ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளையின் திட்டத்தைக் கேட்டுவிட்டு, ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம் இந்த நேரத்துக்கு என்றார்.

காலை ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஏழுக்கெல்லாம் இருவரும் கடை முனையில். ஏழு நாலுக்கு வர வேண்டியவள் ஏழேகால் ஆகியும் வரவில்லை. அப்போது முடிதிருத்துபவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, உங்கள் வீட்டம்மா போய் இருபது நிமிடம் ஆகிறதே, எனக்குக் கைகூடக் காட்டினாரே என்றார். மீட்டர்காரர் முகம் தொங்கிப்போனது. ஆரம்ப உற்சாகத்தில் ஓடியிருப்பாள், போகப்போகச் சரியாகிவிடும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மாமியார் நாற்காலியைப் படாரென்று மடக்கினார். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

பாலத்தடியிலும் அதே கதை. தண்ணீர்க் கோப்பை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், இவர்கள் அடையாளம் சொல்லிக் கேட்டதும், மஞ்சள் தலைத்துணிதானே, அவர் போய்ப் பத்து நிமிடமாவது இருக்கும் என்றாள். இடப்பக்கமே பார்த்துக்கொண்டு போனார், யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது என்றும் சொன்னாள்.

மீட்டர்காரர் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துவிட்டார். கணக்கு எங்கே பிசகியது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. மேட்டுல சைக்கிள் மிதிக்கும்போது உங்க முட்டி மக்கர் பண்ணுமில்ல?"

"பண்ணும்."

"அப்ப என் மக சிட்டு என்ன பண்ணுவா?"

"கொஞ்சம் நிதானிச்சு வருவா."

"அவ சின்னதுலேருந்தே அப்படித்தான். பக்கத்துல வர்றவங்க காலைப் பாத்துதான் எட்டு வைப்பா. நீங்க அளந்தது அவ வேகத்தை இல்ல, உங்க முட்டியை."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சுக்குள் ஏதோ இதமாகவும் இருந்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை தாண்டியிருந்தது. அவள் வேகம் ஏழு நிமிடம் என்றால், கிடங்குச் சாலைக்கு மணி பத்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிடுவாள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, சாலையெல்லாம் அடைப்பு. நடந்தால் ஒன்றரை மணி நேரம், அதுவும் நல்ல காலுக்கு.

சந்துகளில் புகுந்தார்கள். ஒரு வீட்டுப் பின்கட்டு வழியாக நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கெடுக்க வந்துவிட்டார் என்று பயந்து, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டம்மா குழாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அது அவள் காலையே நனைத்தது. நிற்க நேரமில்லை. நாற்காலியை அவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். முதலில் உங்கள் காலைத் தூக்கி வையுங்கள் என்றார் மாமியார்.

மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தொட்டபோது மணி பத்து. சாலையில் ஆட்கள் விட்டு விட்டு வந்தார்கள். மஞ்சள் துணி எதுவும் கண்ணில் படவில்லை.

போயிருப்பாள், இப்போதே கிளம்பினால் முடிவுக்கோட்டிலாவது பிடிக்கலாம் என்றார் மாமியார். நியாயம்தான். இங்கேயே நின்றால் அதுவும் கை நழுவிப்போகும். கணக்கும் போ போ என்றுதான் சொன்னது. ஆனால் அந்தக் கணக்கு காலையிலிருந்து இரண்டு தடவை அவரை ஏமாற்றியிருந்தது. ஒருவேளை அவள் இன்னும் வராமல் இருந்து, இந்தச் சாலையில் கால் வைத்து, இந்தக் கம்பத்தடியில் ஆளில்லாமல் பார்த்தால்? அதை நினைக்கவே அவரால் முடியவில்லை.

"நான் இங்க நிப்பேன்னுதான் சொல்லியிருக்கேன் அத்தை. இங்கயே நிக்கிறேன்."

மாமியார் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து நிமிடம், பதினைந்து, இருபது. அப்புறம் சாலைக் கோடியில் மஞ்சளாக ஒரு புள்ளி. ஓடவில்லை, நடந்து வந்தாள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம், மூன்று கிலோமீட்டராக நடைதானாம். வியர்வை காய்ந்து முகத்தில் உப்புப் பூத்திருந்தது. கண்கள் இடப்பக்கக் கம்பங்களை எண்ணின. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவர்.

நடைபாதையில் அவளோடு சேர்ந்து நடந்தார். அவள் மெல்ல ஓடத் தொடங்கினாள். இவரும் விந்தி விந்திக் கூடவே போனார். பத்தடி போயிருப்பார்கள். அவள் பார்வை ஒரு நொடி அவர் முட்டியில் விழுந்தது, உடனே அவள் எட்டு குறுகியது. சைக்கிளில் இருந்தபோது ஆறு வாரம் தெரியாதது, இப்போது பளிச்சென்று தெரிந்தது. அவர் நின்றுவிட்டார்.

"எனக்காக மெதுவா வராதம்மா. நீ போ."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"உங்கம்மாதான்."

"அவங்க வாய் சும்மா இருக்காதே," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே எட்டைப் பெரிதாக்கினாள். மஞ்சள் துணி சின்னதாகி, திருப்பத்தில் மறைகிறவரை அவர் அங்கேயே நின்று பார்த்தார்.

மாமியார் அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து இருபத்தி நாலு. கடைசியில உங்க எட்டு நிமிஷக் கணக்கு சரியாத்தான் வந்திருக்கு மாப்பிள்ளை."

கிளம்பலாம் என்று திரும்பினால், கனத்த மனிதர் ஒருவர் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் போய், "எழுந்திரிங்க தம்பி, உங்களைப் பாக்கத்தான் நிக்கிறோம்," என்றார். அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று புரியாவிட்டாலும் எழுந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெண். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். இப்படியே மணி பன்னிரண்டாகிவிட்டது. மாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் தடுப்புக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் புல்தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் பதக்கம். ஐந்தரை மணி நேரம் சொச்சத்தில் முடித்திருந்தாள். கோட்டைத் தாண்டினபோது பார்க்க முடியவில்லையே என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பரவாயில்ல, இங்க கை தட்ட நிறைய பேர் இருந்தாங்க," என்று சொல்லி, ஒரு சுளையை அவருக்கும் ஒன்றை அம்மாவுக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து யார் எவ்வளவு தூரம் ஓடினாலும், ஆளில்லாத சாலையில் அவர்களுக்கென்று ஒரு முகம் காத்திருக்கட்டும். போனவர்கள் எல்லோரும் சோறு ஆறும் முன்னே வீடு வந்து சேரட்டும். உங்கள் வாசலில் சிரிப்புச் சத்தம் ஓயாமல் கேட்கட்டும். நன்றாயிருங்கள்.